தேயிலையின் மணமும் கச்சான் காற்றும்

ஆடி மாதத்தில் நிலாவெளிக் கரைக்கு வருவோர் கடலைப் புகழ்வர். காற்றைப் பற்றிப் பேசார். ஆண்டுதோறும் அக்காற்றோடு வாழும் நாமோ அதை மறக்க இயலாது. தென்மேற்குப் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு முகடுகளைத் தாண்டுகின்றது. கீழ்த்திசையில் இறங்க இறங்க வெப்பமேறிக் கிழக்குக் கரையைச் சுடுகின்றது. மேல்திசைக் காற்றைச் சங்கச் சான்றோர் கோடை என்றனர்; எம் கரையோர மக்கள் கச்சான் என்பர். கிணற்று நீர் அடிக்குப் போய்விடும். முற்றத்து வேம்பும் சோர்ந்து நிற்கும். வகுப்பறையிலே பிள்ளைகளின் உதடுகள் வெடித்திருக்கும்.

இக்காற்றின் மற்றொரு கிளை ஊவா மலைச்சரிவிலே, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைச் செடிகளின்மீது வீசுகின்றது. அங்கும் அது இலையை வாட்டவே செய்கின்றது. ஆயின் அவ்வாட்டத்திலே இலைக்குள் நறுமணச் சத்துக்கள் திரள்கின்றன. யூலை முதல் செப்டெம்பர் வரையில் ஊவாவில் பறிக்கும் கொழுந்துக்குத் தனியொரு மணம் உண்டு. நோவுத் தைலக் குப்பியைத் திறந்தாற் போன்ற குளிர்ந்த மணம் அது. மெதயில் சலிசிலேற்று என்று இரசாயன நூலார் பெயரிடும் பொருளே அத்தைலத்திற்கும் மணம் தருவது; இவ்விலைக்கும் மணம் தருவது. உலகச் சந்தையிலே அம்மணத்திற்கு உயர்ந்த விலை கிடைக்கின்றது. எமக்கு வறட்சியாகி வரும் காற்று கொழும்பு ஏலத்திலே பணமாகின்றது! சுவை என்பது நாவோடு முடியும் விஷயம் அன்று. அதற்கு நிலமும் காற்றும் உழைப்பும் சேர்ந்த ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தேயிலையின் தாயகமாகிய சீனத்திலே அதற்கு எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. தென்கீழ்க் கரையாகிய அமோய்ப் பகுதியார் 'தே' என்றனர். பிறபகுதியார் 'சா' என்றனர். அமோய் வணிகரோடு தொடர்பு கொண்ட ஒல்லாந்தர் 'தே'யைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு போயினர். தரைவழியாகவும் போர்த்துக்கேயர் வழியாகவும் போனது 'சா'. மலையாளத்தார் சாயா அருந்துகின்றனர். நாமோ தேயிலையை இட்டுத் தேத்தண்ணி அருந்துகின்றோம். "கை தேய்வதாலேதான் தேயிலை என்று வந்ததோ?" என்று எம் மாணவன் ஒருவன் ஒருமுறை கேட்டான். சொல்லிலக்கணப்படி அது பிழை. எனினும் அவனைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை.

எம் மாவட்டத்திற்கும் இக்கதைக்கும் ஒரு விசித்திரத் தொடர்பு உண்டு. 1660-ஆம் ஆண்டு ஏப்பிரலில், புயலிலே பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவிலே ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டான். அதே ஆண்டு செப்டெம்பரிலே, லண்டன் நகரத்து அரசாங்க உத்தியோகத்தரான சாமுவேல் பீப்ஸ், தாம் முன்னர் அருந்தியறியாத தேநீர் என்னும் சீனப் பானத்தைக் கேட்டு வாங்கியதைத் தம் நாட்குறிப்பிலே எழுதினார். பின்னாளில் உலகுக்கே தேயிலை விற்கப்போகும் மலைநாட்டிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தான் நொக்ஸ். 1681-இல் வெளிவந்த அவனுடைய நூலிலே வேறோர் இலை வருகின்றது. வடபகுதிக் காட்டு நீரைக் குடித்துக் காய்ச்சல் கண்டபோது, அதற்கு மாற்றாகக் கஞ்சா இலையை உலர்த்தி, வெல்லத்தோடு சேர்த்துக் காலை மாலை வெறுவயிற்றில் உண்டதாக அவன் எழுதுகின்றான். ஊரார் அறிவே அவனைக் காத்தது.

இனி மலைநாட்டுக்கு வருவோம். 1824-இலேயே சீனத்துச் செடி பேராதனைத் தோட்டத்திற்கு வந்துவிட்டது; ஆனால் அன்று துரைமாருக்குக் கோப்பியே கண்ணாயிருந்தது. 1869-இல் இலைத்துரு நோய் தோன்றிச் சில ஆண்டுகளிலே கோப்பியை நாசமாக்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867-இல், லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அவருடைய தொழிற்சாலை அவர் பங்களாவின் விறாந்தையே. மேசைகளிற் பரப்பிய இலையைத் தொழிலாளர்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையிலான கையினால் உருட்டினர்; களிமண் அடுப்பிலே கரிநெருப்பில் உலர்த்தினர். 1873-இல் இருபத்து மூன்று இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போயிற்று. டெயிலரின் பெயர் நிலைத்தது. அம்முழங்கைகளுக்கு உரியோரின் பெயர் நிலைக்கவில்லை.

அவர்கள் எங்கிருந்து வந்தோர் என்பதை வாசகர்கள் அறிவர். கோப்பிக் காலத்திலேயே தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். கொள்ளைநோயும் மலைக்காய்ச்சலும் வழியிலே கொண்டுபோனவர்கள் போக எஞ்சியவர்களே தோட்டத்தை அடைந்தனர். 1883-இல் கொழும்பிலே முதல் ஏலம் நடந்தது. 1890-இல் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். ஆண்டுகளை இவ்வாறு அடுக்குவதிற் பொருளில்லை. இரண்டு ஆண்டுகளை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பது தகும். தேயிலை பறித்தவர்களுள் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரிலே செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேரை இங்கே ஏற்கவும் முடிவு செய்தது. 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவைத்தது. அடுத்த ஆண்டு, 1965-இல், இலங்கை உலகிலேயே தேயிலை ஏற்றுமதியில் முதலிடம் பெற்றது. இலையை வேண்டியவர்கள் இலை பறித்த கையை வேண்டாமென்றனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003-இலேதான் வந்தது.

தேயிலையைச் சுவைத்து விலை மதிப்பது ஒரு தொழில். அது கூர்மையான கல்வியும் ஆகும். சுவைஞர் முதலில் உலர்ந்த இலையைப் பார்ப்பார். முறுக்கு, நிறம், பொன்னுனி ஆகியவற்றை ஆராய்வார். பின்னர் வெள்ளைப் பீங்கான் சாடியிலே அளவாக இலையிட்டுக் கொதிநீர் ஊற்றி மூடுவார். நூறு மில்லி லீற்றர் நீருக்கு இரண்டு கிராம் இலை, ஆறு நிமிடம் என்பது சர்வதேச நியமம். சாற்றை வடித்து, வெந்த இலையை மூடியின்மேற் கவிழ்த்து அதன் மணத்தையும் நோக்குவார். கரண்டியால் எடுத்த சாற்றைப் பெருஞ்சத்தத்தோடு உறிஞ்சுவார். நாவின் எல்லாப் பகுதியிலும் மூக்கின் பின்புறத்திலும் அது பரவவேண்டும் அன்றோ? பிறகு துப்பிவிடுவார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகள்! ஏலம் 2020-இலே மின்வலைக்கு மாறியது. நாவுக்கு மட்டும் இன்னும் பதிலி வரவில்லை.

அண்மையில் நாமும் நான்கு வகைத் தேயிலைகளை வரவழைத்து இம்முறைப்படி வீட்டு மேசையிலே வைத்துப் பார்த்தோம். எம்மோடு கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும் அவருடைய தாயாரும் வந்திருந்தனர். 1977-ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலைநாட்டை விட்டு வந்து, எம் மாவட்டத்திலே குடியேறிய குடும்பம் அது. நுவரெலியா வெளிறிய பொன்னிறம். நாவில் மென்மையாகப் பட்டு மறைந்தது. திம்புள்ள அதனினும் செறிவு. குடித்தபின் வாய் சுறுசுறுப்படைகின்றது. தென்மாகாணத்து றுகுணு தாழ்நிலத் தேயிலை. கறுப்பாய், கனமாய், பாலுக்கு அஞ்சாதது. மேற்காசிய நாட்டார் விரும்பி வாங்குவது இவ்வகையையே. ஊவாவை ஊற்றியதும் தைல மணம் எழுந்தது. எதுவும் கலவாத இலைக்கு இம்மணம் எங்ஙனம் வந்தது என்று நாம் வியந்தோம். அம்மையார் வியக்கவில்லை. உலர்ந்த இலையை உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தார். "மாஸ்டர், இந்தக் கொழுந்த நாங்க பறிச்சிருக்கோம், குடிச்சதில்ல. எங்களுக்குக் குடுத்ததெல்லாம் தூளுதான்" என்றார்.

தூள் என்று அவர் சொன்னது என்ன? தொழிற்சாலையிலே கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறமேற்றி, உலர்த்தியபின் சல்லடையிற் சலிப்பர். முழு இலை, உடைந்த இலை, சிறுதுண்டு, தூள் என்று அது பிரியும். முழு இலைக்கு ஒறேஞ்சு பீக்கோ என்று ஒரு பெயர். தோடம்பழத்திற்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. ஒல்லாந்து அரச குடும்பத்துப் பெயர் அது என்பாரும் உளர். பீக்கோ என்பது இளந்தளிரின் வெண்பூழியைக் குறிக்கும் சீனச் சொல். வகை பிரித்ததில் நல்லது கப்பலேறும். தூளின் ஒரு பங்கு லயத்துக்குப் போகும். அதிலே காய்ச்சிய சாயத்தண்ணியே மலைநாட்டுத் தொழிலாளியின் காலையுணவிற் பாதி.

தேயிலை வருமுன் எம் மக்கள் வாய் நனைக்க ஒன்றும் இல்லாதிருந்தோர் அல்லர். காய்ச்சலுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் இட்ட குடிநீர் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. 2020-இல் பெருந்தொற்று வந்தபோதும் முதலில் அடுப்பேறியது அதுவே. எம் வட்டாரத்துப் பற்றைகளிலே ஆவரசு பொன்னாய்ப் பூக்கின்றது. அப்பூவை உலர்த்திக் காய்ச்சினால் இளமஞ்சள் நிறம், சிறு துவர்ப்பு, வைக்கோல் போன்ற ஒரு மணம். சிங்கள மக்கள் இதனை றணவரா என்பர். வில்வம்பூவை அவர்கள் பெலிமல் என்று காய்ச்சுவர். நாம் அருந்தியவற்றுள் மணத்தாற் சிறந்தது இதுவே. கூவிளம் என்று இலக்கணம் படிப்பிக்கும் நாம், அதன் பூவைக் காய்ச்சிக் குடிக்க அயல்வீட்டாரிடம் கற்றுக்கொள்வதில் இழுக்கில்லை. நன்னாரி அவர்களுக்கு இரமுசு. தேங்காய்ப்பூக்கீரை அவர்களுக்குப் பொல்பலா. பெயர் வேறு, செடி ஒன்று. இரு மொழி பேசும் ஏழைகளும் ஒரே பற்றையிற் பறித்து, ஒரே விதமாய்க் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்திருக்கின்றனர். அரசியல்வாதிகள் இதனைக் கண்டுகொள்வதில்லை.

இன்று இவ்விலைகளும் பூக்களும் மினுங்கும் பொதிகளிலே அடைபட்டு, கடற்கரை விடுதிகளிலே மூலிகைத் தேநீர் என்று விலைப்படுகின்றன. விற்பதைக் குறைசொல்ல மாட்டோம். பறிப்பவருக்கு நியாயமான கூலி கிடைக்குமாயின் அது நன்றே. ஆயின் தேயிலையற்ற இவற்றுக்குத் தேநீர்ப் பெயர் ஏன்? குடிநீர் என்னும் நல்ல தமிழ்ச் சொல் சித்த வைத்தியரிடம் இருக்கின்றதே! மணமேற்றிய தேயிலைகளும் அப்பொதிகளோடு வருகின்றன. சீனர் மல்லிகை மணத்தை ஏற்றும் விதம் பெரும் பொறுமை வாய்ந்தது: இரவிலே விரியும் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைத்து, காலையிலே பூவை நீக்கி, மீண்டும் புதுப்பூ இடுவர், இவ்வாறு பல இரவுகள். ஆங்கிலேயர் பேகமட் என்னும் நாரத்தை இனப் பழத்தின் தோலெண்ணெயைச் சேர்த்து, ஒரு பிரபுவின் பெயரைச் சூட்டினர். மணமேற்றுவது கலையாகவும் இருக்கலாம். மட்டமான இலையின் குறையை மறைக்கும் தந்திரமாகவும் இருக்கலாம். வேறுபாட்டை அறிய வழி ஒன்றே: மணம் ஏறாத இலையை முதலில் தனியே சுவைத்துப் பார்த்தல் வேண்டும். ஊவாவைச் சுவைத்த நாவுக்குப் பிறகு செயற்கை மணம் பிடிபடாமற் போகாது.

விலையுயர்ந்த தேயிலைப் பெட்டியிலே தோட்டத்தின் பெயர் இருக்கும். உயரம், பறித்த பருவம், இலையின் வகை எல்லாம் இருக்கும். தோட்டத்து வழக்கிலே 'பேர்' என்பதற்கு வேறொரு பொருள். ஒரு நாள் வேலை செய்து முடித்தால் பதிவேட்டிலே ஒரு பேர் விழும். அதாவது ஒரு நாட் கூலி. பெண்ணின் பேருக்கு ஆணின் பேரை விடக் குறைந்த கூலியே 1984 வரை இருந்தது. கொழுந்து பறிப்போருள் மிகப் பெரும்பாலோர் பெண்களே என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பல தோட்டங்களிலே ஒரு பேருக்குப் பதினெட்டுக் கிலோக் கொழுந்து பறிக்கவேண்டும். நான்கரைக் கிலோக் கொழுந்துக்கு ஒரு கிலோத் தேயிலை என்று கொண்டால், அது நான்கு கிலோ. கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால் இரண்டாயிரம் கோப்பை. 2024-இலே வர்த்தமானி அறிவித்த நாட் கூலி 1,350 ரூபா. ஒரு கோப்பைக்கு எழுபது சதமும் வரவில்லை.

இக்கணக்கை நாம் பத்தாம் வகுப்பிலே கரும்பலகையில் எழுதியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், பதினேழு கிலோதான் பறித்தால்?" என்று கேட்டாள். அரைப்பேர் என்று எழுதினோம்.