மூடுபனி: மேலிருந்தும் உள்ளிருந்தும்

‘மஞ்சு’ என்ற சொல்லுக்கு அகராதிகள் மேகம் என்றும் பனி என்றும் பொருள் தருகின்றன. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் குழப்பம் ஏதும் இல்லை. சமவெளியில் நிற்பவன் அண்ணாந்து பார்த்து மேகம் என்கிறான். அதே சமயம் மலைச்சரிவில் நடப்பவன் அதற்குள்ளேயே நின்றுகொண்டு பனிமூட்டம் என்கிறான். உச்சியில் இருப்பவனுக்கு அது காலடியில் விரிந்த வெள்ளைக் கடல். பொருள் ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. ஆனால் வானிலையியல் இவற்றைப் பிரித்தாக வேண்டியிருந்தது. யாருக்காகப் பிரித்தது என்பதுதான் என் கேள்வி.

மேகங்களுக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் பெயர்களைத் தந்தவர் லூக் ஹோவர்ட். லண்டனில் ரசாயனப் பொருட்கள் தயாரித்துவந்தவர். 1802 டிசம்பரில் ஒரு சிறிய அறிவியல் கழகத்தில் வாசித்த கட்டுரையில் சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராடஸ் என்று வகை பிரித்தார். அவருடைய ஸ்ட்ராடஸ், தரையில் படிந்து கிடக்கும் மூடுபனியையும் சேர்த்துக்கொண்ட ஒன்று. பிற்பாடுதான் தரையைத் தொட்டால் மூடுபனி, தொடாவிட்டால் ஸ்ட்ராடஸ் என்று கோடு கிழிக்கப்பட்டது. அதற்கப்புறம் ஓர் எண் வந்தது: பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே குறைந்தால் அது மூடுபனி. கப்பலுக்கும் விமானத்துக்கும் இந்த எண்ணின் பயன் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் இந்த வரையறை முழுக்க முழுக்கக் கண்ணைப் பற்றியது. அந்தத் துளிகளில் என்ன கரைந்திருக்கிறது, அதை மூச்சில் இழுப்பவன் கதி என்ன என்பது பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது.

இந்த விடுபடலின் விலை என்ன என்பதை 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் காட்டியது. காற்று அசையவில்லை. மேலே வெப்பமான காற்று ஒரு மூடிபோல் உட்கார்ந்துகொண்டது. வீட்டு அடுப்புகளிலும் மின்நிலையங்களிலும் எரிந்த நிலக்கரியின் புகை கீழேயே தேங்கிப் பனித்துளிகளோடு கலந்தது. கந்தக டை ஆக்சைடு துளிகளுக்குள் அமிலமாக மாறியது. துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் தன் பாதம் தனக்கே தெரியவில்லை என்று மக்கள் சொன்னார்கள். பார்வை மறைந்தது உடனே செய்தியானது: பேருந்துகள் நின்றன, அரங்குக்குள்ளேயே பனி புகுந்து இசை நாடகம் ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டது. மூச்சு நின்றது அப்போது செய்தியாகவில்லை. சவப்பெட்டி தட்டுப்பாடு வந்த பிறகுதான் நடந்தது என்னவென்று விளங்கத் தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அந்த மூடுபனியைச் சரியாகக் கண்டறிந்த முதல் கருவி வெட்டியானின் கணக்குதான்.

முதலில் சுமார் 4,000 சாவுகள் என்றார்கள். அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களிலும் சாவுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருந்தன. அரசு அதை இன்ஃபுளுயன்சா கணக்கில் எழுதியது. 2001இல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கைத் திரும்பப் பார்த்து, எண்ணிக்கை சுமார் 12,000 இருக்கலாம் என்றார்கள். இடையில் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது பார்வைத் தூரம் அல்ல. பிணங்களின் எண்ணிக்கைதான்.

1960இல் டைரோஸ்-1 பறந்ததிலிருந்து பார்க்கும் இடம் மேலே போய்விட்டது. இரவில் மூடுபனியைக் கண்டுபிடிக்க ஒரு கெட்டிக்கார வழி உண்டு. சிறு நீர்த்துளிகள் 11 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் அளவுக்கு 3.9 மைக்ரோமீட்டரில் வெளியிடுவதில்லை. இரண்டையும் கழித்துப் பார்த்தால் இருட்டிலும் மூடுபனி திட்டுத்திட்டாகத் தெரியும். 1980களிலிருந்து இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் மூன்று இடங்களில் இது தடுமாறுகிறது. உயரத்தில் இன்னொரு மேகம் இருந்தால் கீழே உள்ளது மறைந்துபோகும். பொழுது விடியும்போது சூரியனின் 3.9 மைக்ரோமீட்டர் ஒளி கலந்து அடையாளம் கலைந்துபோகும். பனி கெட்டியாக நிற்கும் நேரமும் பெரும்பாலும் அதுவே. மூன்றாவதுதான் முக்கியம்: செயற்கைக்கோள் மேகத்தின் உச்சியைப் பார்க்கிறது, அடியைப் பார்ப்பதில்லை. அந்த வெண்மை தரையைத் தொடுகிறதா, இருநூறு மீட்டர் மேலே நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. தாழ்ந்த ஸ்ட்ராடஸா மூடுபனியா என்பதைச் சொல்ல இன்றும் தரையில் ஒரு கருவியோ ஒரு மனிதனோ வேண்டியிருக்கிறது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இங்கே, அதன் சொந்தத் தொழில்நுட்பத்திலேயே, உடைகிறது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இமயத்தின் அடிவாரத்தை ஒட்டி, பாகிஸ்தான் பஞ்சாப் தொடங்கி வங்கதேசம் வரை ஒரே வெள்ளைப் போர்வையாகச் செயற்கைக்கோள் படங்களில் தெரிவது கங்கைச் சமவெளியின் மூடுபனி. பாசனத்தால் ஈரமான மண், அசையாத காற்று, புகையும் தூசியும் எல்லாம் அதில் பங்குதாரர்கள். 2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி இதைப் படம்பிடித்தது. 2015-16 குளிர்காலத்திலிருந்து தில்லி விமான நிலையத்திலேயே கருவிகள் வைத்து ஆராய்கிறார்கள். பார்வைத் தூரம் ஐம்பது மீட்டராகக் குறைந்தாலும் விமானம் இறங்க அங்கே வசதி இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே பனியில் மேம்பாலத்தின் அடியில் படுத்திருப்பவனுக்கும், செங்கல் சூளையில் நிற்பவளுக்கும் எந்தக் கருவி இருக்கிறது? மறுநாள் பத்திரிகையில் எத்தனை விமானம் தாமதம் என்று கணக்கு வருகிறது. எத்தனை பேருக்கு இரவெல்லாம் மூச்சுத் திணறியது என்ற கணக்கு வருவதில்லை.

‘அப்படியானால் அறிவியல் வேண்டாம் என்கிறாயா?’ என்று தோழர்கள் கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. அளவிடுவதை எதிர்ப்பதல்ல, எதை அளப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கேள்வி கேட்பதுதான் நமது வேலை. லண்டன் சாவுகளை வெளியே கொண்டுவந்ததும் புள்ளிவிவரம்தானே. செயற்கைக்கோளுக்கே தரையிலிருந்து ஓர் ஆள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அந்த ஆள் விமான நிலையத்தில் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? சூளையிலும் ரயிலடியிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நிற்கட்டும். பார்வைத் தூரத்தோடு மூச்சையும் சேர்த்து எழுதட்டும். அந்தக் கணக்கை யாரும் நமக்குத் தானாகத் தரப்போவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் நாமே எடுக்கவும் வேண்டும்.