நடுப்பகுதி இல்லாத பாலம்

பிரான்சின் வடகிழக்கே, மெட்ஸ் நகரத்துக்குச் சற்றுத் தெற்கில், மோசெல் ஆற்றின் வலக்கரையில் ஓர் ஊர். பெயர் ழூய்-ஓஸ்-ஆர்ஷ். கடைசிச் சொல்லுக்கு 'வளைவுகள்' என்று பொருள். ஊருக்குள் கால் வைத்தவர் யாரும் பெயர்க்காரணம் கேட்பதில்லை. 16 கல் வளைவுகள் வீட்டுக் கூரைகளையெல்லாம் தாண்டி நிமிர்ந்து நிற்கின்றன. ஊரின் முக்கியச் சாலையே அவற்றில் ஒன்றுக்குள் புகுந்துதான் வெளியேறுகிறது.

எதிர்க்கரையில் ஆர்ஸ்-சூர்-மோசெல். அங்கே 7 வளைவுகள். இரண்டுக்கும் நடுவே ஆறு ஓடுகிறது; அதற்கு மேலே வெறும் ஆகாயம். ஒரு காலத்தில் இந்த இரு முனைகளும் ஒரே தொட்டிப்பாலம். நீளம் சுமார் 1,100 மீட்டர். உயரமான இடத்தில் ஏறத்தாழ 30 மீட்டர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானியர் ஆட்சியில் எழுந்தது.

மெட்ஸுக்கு அன்று திவோதுரும் என்று பெயர். மெதியோமத்ரிகி என்ற கால் (Gaul) இனத்தாரின் தலைநகரம். காலடியிலேயே ஆறு ஓடும் ஊருக்கு வெளியிலிருந்து தண்ணீர் எதற்கு? ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. குளியல் மாளிகைகளுக்கும் தெரு நீரூற்றுகளுக்கும் மேட்டிலிருந்து தானாகப் பாய்ந்து வரும் தெளிந்த தண்ணீர் வேண்டும். அது கோர்ஸ் என்ற இடத்து ஊற்றுகளில் கிடைத்தது. அங்கிருந்து நகரம்வரை 22 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கட்டிய மூடுவாய்க்கால். உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய ஆள் நடந்து போகலாம். ஆனால் ஊற்று இடக்கரையில், நகரம் வலக்கரையில். லியோன் நகரத்தார் இப்படிப்பட்ட பள்ளங்களை ஈயக்குழாய்களை இறக்கி ஏற்றிக் கடந்தார்கள். இங்கே தண்ணீரைக் கீழே இறக்காமல், உயரத்திலேயே ஆற்றைத் தாண்டவைத்தார்கள்.

வளைவுகளின் அழகைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். என்னை வியக்கவைப்பது அவற்றின் உச்சந்தலை. பாலத்தின் மேல் ஓடியது ஒரு வாய்க்கால் அல்ல, பக்கத்துப் பக்கமாக இரண்டு. ஆர்ஸ் முனையில் ஒரு தொட்டி. ஊற்றுநீர் முதலில் அதில் வந்து விழும். அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து ஆற்றைக் கடந்து, ழூய் முனையில் இன்னொரு தொட்டியில் மறுபடி ஒன்றுசேரும். ஒரு வாய்க்காலில் கசிவா? அதை அடைத்துவிட்டு மற்றதில் தண்ணீரை விடலாம். கொத்தனார் உள்ளே இறங்கி, செங்கற்பொடி கலந்த சுண்ணாம்புக் காரையைப் பூசிக்கொண்டிருப்பார். நகரத்தில் தண்ணீர் நிற்காது. கட்டும்போதே பழுது பார்க்கப் போகிறவனை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு தொட்டிகளின் மிச்சங்களும் இன்றும் இருக்கின்றன.

இதற்குச் செலவு செய்தது யார்? பேரரசர் அல்ல. மெட்ஸில் கிடைத்த கல்வெட்டுகள் செவிரி அகுஸ்தாலெஸ் என்ற அறுவர் குழுவினரின் பெயர்களைச் சொல்கின்றன. பேரரசர் வழிபாட்டை நடத்தியவர்கள் இவர்கள். ரோமானிய உலகில் இந்தப் பதவிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். கையில் பணம் சேர்ந்தாலும் நகர மன்றத்தில் அவர்களுக்கு இடம் கிடையாது. இந்தப் பதவிதான் அவர்களுக்குக் கிடைத்த மரியாதை. அதற்கு நன்றியாக ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பேரரசு போனது, பராமரிப்பும் போனது. ஆற்றுக்குள் நின்ற தூண்கள் அத்தனையும் அழிந்தன. கரையில் நின்றவற்றில் சில பிழைத்தன. பிற்காலத்து மக்களுக்கு இவ்வளவு உயரத்தில் மனிதன் கட்டியிருப்பான் என்று நம்ப முடியவில்லை. 'பிசாசுப் பாலம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு இது மனம் ஒப்பாத பெயர். கல் சுமந்தவர்களும் காசு கொடுத்தவர்களும் மனிதர்கள். பெயர் சொல்லக் கல்வெட்டே இருக்கும்போது, பெருமையைப் பிசாசுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

மெட்ஸுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், முதலில் ஆர்ஸ் தொட்டியைப் பாருங்கள். பிறகு ஆற்றைக் கடந்து ழூய் தொட்டிக்கு வாருங்கள். கடைசியாக மெட்ஸ் அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள். ரோமானியக் குளியல் மாளிகை ஒன்றின் சுவர்கள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நிற்கின்றன.

(தொடரும்)