ஓடம் ஏறிய வண்டி

வண்டி ஒருநாள் ஓடத்தில் ஏறும். ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பது தமிழ் மக்கள் வாழ்வின் ஏற்றத்தாழ்வைச் சுட்டப் பன்னெடுங்காலமாகச் சொல்லிவரும் பழமொழி. வள்ளுவரும் இடனறிதல் அதிகாரத்தில், தேர் கடலில் ஓடாமையையும் நாவாய் நிலத்தில் ஓடாமையையும் ஒருங்கே காட்டினார். வகுப்பறையில் இவற்றை விளக்கும் ஆசிரியர், மனித வாழ்வின் நிலையாமையைப் பற்றியோ இடத்தின் வலிமையைப் பற்றியோ பேசிவிட்டு மேலே செல்வது வழக்கம். ஓடம் ஏறும் அந்த வண்டி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்று கேட்பார் இல்லை. ஆயினும் அவ்வினா பொருளற்றதன்று. பொருந்தாத வண்டியில் ஏற்றப்பட்ட ஓடம் கடலைக் காணாமலேயே கெடுவதுண்டு.

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்தது நிபோங் திபால். 1800ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சுல்தான் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த கரையோர நிலத்திற்கு இந்த ஆறே தெற்கெல்லை. ஊரின் பெயரில் நிற்பது நிபோங் என்னும் பனையினம். அதன் வைரம் பாய்ந்த தண்டு உப்புநீரை எளிதில் பொருட்படுத்தாது. ஆகவே மலாய் மீனவர் படகுத்துறைக் கால்களுக்கும் கடலில் நடும் மீன்பொறிக் கம்பங்களுக்கும் அதனையே தேர்ந்தனர். உப்புநீருக்கு எப்பொருள் தாங்கும் என்று அறிந்து தெரிவு செய்யும் வழக்கம் இவ்வூரின் பெயரிலேயே குடியிருக்கிறது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் இவ்வட்டாரம் கரும்புக் காடாயிற்று. கலிடோனியா முதலிய தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த சஞ்சிக்கூலிகள் சதுப்பு நிலத்தை வெட்டி வாய்க்கால் அமைத்தனர். அந்த வாய்க்கால்கள் வடிகாலாக மட்டும் நிற்கவில்லை, பாதைகளாகவும் பயன்பட்டன. வெட்டிய கரும்பு தட்டையடிப் படகுகளில் ஏறி ஆலைக்குச் சென்றது. சேற்றில் வண்டிச் சக்கரம் புதையும். தட்டைப் படகோ சிறிதளவு நீரிலும் மிதக்கும். ஆதலால் அங்கே வண்டி செய்ய வேண்டிய பணியை ஓடம் செய்தது. 1903இல் பிறை முதல் சிரம்பான்வரை இருப்புப்பாதை இணைந்தது. 1910இல் சஞ்சிக்கூலி முறை ஒழிந்தது. கரும்பு நின்ற இடத்தில் ரப்பர் எழுந்தது. வாய்க்கால் வெட்டியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் நிலைக்கவில்லை. வாய்க்காலின் தடம் நிலைத்தது.

ஓடம் நிலத்தில் ஏறிய கதையும் இத்தீபகற்பத்திற்கு உண்டு. மேற்கே ஓடும் மூவார் ஆற்றின் கிளையான ஜெம்போலும், கிழக்கே பகாங் ஆற்றோடு சேரும் செர்த்திங்கும் இன்றைய நெகிரி செம்பிலானில் பகாவ் அருகே மிக நெருங்கி வருகின்றன. இடையில் உள்ள குறுகிய மேட்டு நிலத்தின்மீது படகுகளை இழுத்து மறு ஆற்றில் இறக்கினர். இழுத்தல் என்னும் பொருள்படும் பெனாரிக்கான் என்பதே அவ்விடத்தின் பெயர். 1613இல் நூல் எழுதிய போர்த்துகீசியர் எரேடியா இவ்வழியைக் குறித்துள்ளார். 1511இல் மலாக்கா வீழ்ந்தபின் சுல்தான் மகமூது பகாங்கிற்குச் சென்றதும் இவ்வழியே என்பது மரபு. அங்கே இழுபட்டவை ஆற்றில் செல்லும் சிறு படகுகளே. அவற்றை மனிதர் தோள்வலியால் நகர்த்த இயலும்.

பெருங்கலத்திற்கு இவ்வழி பொருந்தாது. ஏரா எனப்படும் அடிமரம் கொண்ட கடற்கலத்தின் முழு எடையும் நீரில் பரவலாகத் தாங்கப்படுகிறது. நிலத்தில் வைத்தால் அவ்வெடை சில இடங்களில் மட்டும் குவியும். இதனை வணிகர் நன்கு அறிந்திருந்தனர். இன்றைய தாய்லாந்தின் தக்குவாபா அருகே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தார் காவலையும் கூறுகிறது. மேலைக்கடல் துறையான அங்கிருந்து கீழைக்கடல் பக்கம் சரக்கு ஆற்றுவழியும் நிலவழியும் சென்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அவ்வாறாயின், கலம் துறையில் நிற்க, மூட்டையே மலை கடந்தது. இழுக்கக் கூடாததை இழுக்காமல் விடுவதும் ஒரு தெரிவுதானே!

கிரேக்கர் வேறுவிதமாய்ச் சிந்தித்தனர். ஏறத்தாழ கி.மு. 600 அளவில் கொரிந்து நிலஇடுக்கில் கல் பாவிய தியோல்கோஸ் பாதையை அமைத்தனர். சுமார் 1.6 மீட்டர் இடைவெளியில் ஓடும் இரு பள்ளத் தடங்களில் வண்டிச் சக்கரம் பிசகாது உருண்டது. பெரும்பாலும் சரக்கும், சிற்சில வேளைகளில் போர்க்கலமும் அதில் ஏறின. 1453இல் இரண்டாம் மெகமது, கான்ஸ்டான்டினோபிள் முற்றுகையின்போது எழுபது கலங்கள் அளவில் கொழுப்புத் தடவிய மரங்களின்மேல் இழுத்துச் சென்று பொற்கொம்புக் குடாவில் இறக்கினார். ஒன்று சக்கரம், மற்றொன்று வழுக்குமரம். கலத்தின் வயிற்றுக்கும் வழியின் தன்மைக்கும் ஏற்பவே தாங்கும் கருவி அமைந்தது.

சோழமண்டலக் கரையில் இத்தெரிவு மீனவரின் அன்றாடச் செயல். கட்டுமரத்திற்கு வண்டியே வேண்டுவதில்லை. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து உலர்த்துவர். வள்ளத்தை உருளைக் கட்டைகளின்மேல் ஏற்றுவர். கண்ணாடியிழைப் படகு வந்தபின், சிறப்பாக 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அது பெருகியபின், பல கடற்கரைகளில் டிராக்டர் இழுக்கத் தொடங்கியது. படகு மாறியதால் இழுக்கும் முறையும் மாறிற்று.

நீர்ச்சறுக்கு விளையாட்டுப் படகு இவ்வரிசையில் கடைக்குட்டி. 1922இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்னும் இளைஞர் பலகைகளின்மேல் நின்று படகால் இழுக்கப்பட்டார், விளையாட்டு பிறந்தது. அதற்கெனவே வந்த படகின் நடுவில் இயந்திரமும், அடியில் சிறு துடுப்புத் தகடுகளும் சுழல்விசிறியும் சுக்கானும் அமைந்தன. இத்தகைய பழைய படகொன்றின் இழுவைவண்டி துருப்பிடித்து வேறொன்று தேட நேர்ந்தால், நீளம் ஒத்ததே போதும் என்று எண்ணுவது பிழை. வரிசையாக உருளைகள் கொண்ட வண்டியில், அடியில் நீட்டிய தகடுகள் இடிபடும். எடையும் உருளை தொடும் புள்ளிகளில் குவியும். இரு பக்கமும் படகின் பின்விளிம்புவரை செல்லும் நீண்ட மரத்தாங்கிகளே ஏற்றவை. தாங்கி பின்விளிம்புக்கு முன்னரே நின்றுவிட்டால், ஆண்டுகள் செல்லச்செல்ல அடித்தளம் அங்கே வளைந்துவிடும். சறுக்குவோர் நாடும் சமமான அலை பின்னர் கிட்டாது. உடைந்த தாங்கியை ஒரு நாளில் மாற்றலாம். வளைந்த அடித்தளத்தை மாற்ற இயலாது.

எடையைப் பற்றி ஏடு சொல்வதையும் நம்ப வேண்டா. பழைய கண்ணாடியிழைப் படகுகளின் உள்ளே மரக்கட்டைச் சட்டங்கள் உண்டு. அவையும் உள்நுரையும் நீரை உறிஞ்சினால் படகு பதிவேட்டு எடையை மிஞ்சும். எடைமேடையில் ஏற்றிப் பார்த்து, எரிபொருளும் சேர்த்து, பின்னரே வண்டியின் தாங்குதிறனை முடிவு செய்தல் வேண்டும். வண்டியின் முன்முனை காரின்மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இருத்தல் நல்லது. மிகக் குறைந்தால் வண்டி சாலையில் ஆடும்.

கிரியானில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. அங்கே நீரில் இறங்கும் எஃகு வண்டி துத்தநாகம் பூசியதாய் இல்லாவிடில் துருவே அதன் ஆயுளை முடிவு செய்யும். நெடுந்தொலைவு ஓடிவந்த சக்கரத்தின் அச்சுக்குடம் சூடேறியிருக்கும். அதனை உடனே நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆதலால் துறையில் சற்று நின்று, குடம் ஆறியபின் பின்புறமாக வண்டியை இறக்குவது வழக்கம். வேலை முடிந்ததும் நன்னீரால் கழுவுவதும் அதனோடு சேர்ந்தது.