இசைவு என்னும் சொல்லும் காவல்நிலையப் பதிவும்

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் கூற்று பெரும்பாலும் முதன்முதலில் எழுத்து வடிவம் பெறுவது காவல்நிலையத்தில்தான். அவளது வாய்மொழி அங்கே காவலரின் அலுவல்நடைக்கு மாறுகிறது. எச்சொல் ஏட்டில் ஏறுகிறது, எது விடுபடுகிறது என்பதில் அவர்தம் மனப்பாங்கும் பதிந்துவிடுகிறது.

மகாராட்டிரத்தின் தேசாய்கஞ்சு காவல்நிலையத்தில் 1972 மார்ச் 26 இரவு நிகழ்ந்ததை இங்குக் கருதலாம். உறவினர் அளித்த புகாரையொட்டி அங்கு வந்த பழங்குடி இளம்பெண் ஒருத்தியை மட்டும் நிறுத்திக்கொண்டு, காவலர் ஒருவர் வன்புணர்ந்தார் என்பது வழக்கு. வெளியே திரண்ட கூட்டம் நிலையத்தைக் கொளுத்துவதாக மிரட்டிய பின்னரே அவளது வாக்குமூலம் எழுதப்பெற்றது. பதிவுசெய்யும் முனைப்பு உள்ளிருந்து எழவில்லை, வெளியிலிருந்து வந்தது.

அமர்வு நீதிமன்றம் 1974இல் காவலரை விடுவித்தது. மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 1976இல் இசைவு வேறு, அச்சத்தால் அடங்கிப்போதல் வேறு எனப் பிரித்துக் காட்டித் தண்டித்தது. மொழியியல் நோக்கில் இது கூரிய பொருள்வேறுபாடு. உச்சநீதிமன்றமோ 1978இல் உடலில் காயமின்மையையும் எதிர்ப்புக்குச் சான்றின்மையையும் சுட்டி அவ்வேறுபாட்டை ஏற்க மறுத்தது. மௌனம் இசைவாகப் பொருள்கொள்ளப்பட்டது. உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் எழுதிய திறந்த மடல் இப்பொருள்கோளையே எதிர்த்தது.

அதன்பின் சட்டமொழி படிப்படியாக மாறியது. காவலர் பொறுப்பில் நிகழும் குற்றத்தில் புணர்ச்சி மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை எனப் பெண் நீதிமன்றத்தில் கூறினால், இசைவின்மையை ஊகித்துக்கொள்ள வேண்டும் என்றது 1983ஆம் ஆண்டுத் திருத்தம். உடலால் எதிர்க்காமை ஒன்றே இசைவாகாது என 2013இல் விளக்கம் சேர்ந்தது. அவ்வாண்டே இத்தகைய புகாரைப் பதியத் தவறும் காவல் அலுவலருக்குக் குறைந்தது 6 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்விதி தொடர்கிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நெடுநாள் வழங்கிய 'கற்பழிப்பு' என்னும் சொல் அழிந்தது கற்பு என்கிறது; இசைவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அச்சொல்லை மனத்திற்கொண்டு வினவும் காவலர் பெண்ணின் முன்னொழுக்கத்தைத் தேடுவது வியப்பன்று. 'வன்புணர்ச்சி' செயலின் வன்மையைச் சுட்டினும், காயத்தை எதிர்பார்க்கும் பழைய பார்வைக்கு இடந்தருவதாகவே உள்ளது. இசைவின்மையை மையப்படுத்தும் ஒற்றைச்சொல் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை.