அம்மன் காசும் சித்தப்பாவின் காயினும்

போன நவராத்திரிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ சித்தப்பா செல்போனை நீட்டி, "இந்தக் காயினை எப்படிடா ரூபாயா மாத்துறது?"ன்னு கேட்டார். அவர் போட்ட அறுபதாயிரம் நாலு லட்சமாகி திரையில் பச்சைக் கலரில் மின்னுது. ஆனா எடுக்க முடியல. எடுக்கணும்னா இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துவிடணுமாம். எனக்கு அப்பவே வயிறு கலங்கிடுச்சு.

எடுத்த எடுப்பில் பிட்காயின்னு ஆரம்பிச்சா வேலைக்காகாது. அதனால நம்ம ஊர் அம்மன் காசில் ஆரம்பிச்சேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட குட்டியூண்டு செம்புக் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. (தமிழ் ஊரில் ஏன் தெலுங்குன்னு கேட்காதீங்க, அது தனிப் பதிவு!) நவராத்திரிக்கு அரிசியோட சேர்த்துத் தானமா கொடுக்கத்தான் அடிச்சாங்க. அப்புறம் கடைவீதியிலும் புழங்க ஆரம்பிச்சது. இருபது காசு ஓரணா, அதாவது ரூபாய்க்கு 320. பெரிய தொகைக்கு பிரிட்டிஷ் இந்திய ரூபாய்தான்.

அந்தத் துளியூண்டு செம்புக்கு எங்கேருந்து மதிப்பு வந்தது? பின்னாடி அரண்மனை நின்னுச்சு, கடைக்காரர் மறுக்காம வாங்கினார். அவ்வளவுதான். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சது. இன்னிக்கு அம்மன் காசைக் கொண்டுபோய் நீட்டினா ஒரு மிட்டாய் கூடக் கிடைக்காது, பழங்காசு சேர்க்கிறவங்க வேணா வாங்குவாங்க.

"அப்ப அரண்மனையே இல்லாம ஒரு காசு ஓடுமா?"ன்னார். நல்ல கேள்வி. 2008-ல் சதோஷி நகமோட்டோங்கிற பேரில் (ஒருத்தரா, ஒரு கூட்டமான்னு இன்னும் தெரியாது) வந்த கட்டுரை சொன்ன பதில்: அரண்மனை வேண்டாம், எல்லாரும் பார்க்கிற கணக்கு நோட்டு போதும். 2009 ஜனவரி 3-ல் அந்த நோட்டில் முதல் பக்கம் எழுதியாச்சு.

குடுமியான்மலை கோயில் கல்வெட்டுகளை நினைச்சுக்கோங்க. யார் என்ன தானம் கொடுத்தாங்கன்னு ஊர் பார்க்க வெட்டி வெச்சது. ஒரு வரியைச் சுரண்டினாலும் தடம் தெரியும். பிளாக்செயினும் அந்த மாதிரிதான், ஆனா ஒரே சுவர் இல்ல, உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதே நகல். பிளாக்குன்னா ஒரு பக்கம். அதில் இருக்கிறதை வெச்சுக் கணக்குப் போட்டா வர்ற முத்திரை ஹாஷ். அடுத்த பக்கம் முந்தின பக்கத்து முத்திரையையும் சுமக்கும். அதனால பழைய கணக்கில் ஒரு எழுத்தை மாத்தினாலும் அதுக்கப்புறம் எந்த முத்திரையும் பொருந்தாது. புதுப் பக்கம் சேர்க்க நடக்கிற போட்டிதான் மைனிங். ஜெயிச்சா கூலியா புதுக் காயின்: 2009-ல் 50, 2024 ஏப்ரலிலிருந்து 3.125. மொத்தமே 2.1 கோடியைத் தாண்டாது. வாலட்டுங்கிறது பணப்பை இல்ல, சாவிக்கொத்து. சாவி தொலைஞ்சா போய்க் கேட்க எந்த மேனேஜரும் கிடையாது.

இவ்வளவு இருந்தும் பிட்காயின் விலை தாறுமாறா ஏறும், இறங்கும். நம்ம அரசாங்கம் 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீதம் வரி போடுது. வரி போட்டாங்கங்கிறதுக்காக அது சட்டப்படி செல்லுற பணம் ஆயிடாது. நான் வாங்கலைங்க, எனக்கு அந்த நெஞ்சுரம் இல்ல.

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். "சரி, என் காயினோட கணக்கு நோட்டு எங்கடா இருக்கு?"

தேடினேன். எங்கயும் இல்ல. அந்த நாலு லட்சம், ஆப்பை நடத்துறவன் அவனே டைப் அடிச்சு வெச்ச நம்பர். பின்னாடி அரண்மனையும் இல்ல, கல்வெட்டும் இல்ல. சைபர் கிரைம் நம்பர் 1930-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தோம்.

"யாரையாவது சேர்த்துவிட்டீங்களா சித்தப்பா?"

பதிலே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு, "உங்க அத்தையை"ன்னார்.

அன்னிக்கு ராத்திரியே பைக்கை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் ஆலங்குடிக்குக் கிளம்பினோம்.