எடை போட்டு எண்ணிய கதை

திருப்பூர் - பல்லடம் சாலையில் அருள்புரம். அங்கே சாயப்பட்டறையில் கேட்டுப் பாருங்கள்: பருத்தியில் சாயம் ஏற உப்பு வேணும் என்பார்கள். ஒன்று, நம் சமையல் உப்பு - சோடியம் குளோரைடு. இன்னொன்று சோடியம் சல்பேட். 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் கிளாபர் கண்டுபிடித்தது.

ஒரு கேள்வி. கிலோவுக்குக் கிலோ, எதில் சோடியம் அணுக்கள் அதிகம்? சல்பேட் ஃபார்முலாவில்தானே இரண்டு சோடியம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்!

அணுவை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எடை போட்டுத்தான் எண்ணணும். அதற்கு அவகாட்ரோ என்ற இத்தாலியர் 1811-ல் வழி காட்டினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1860-ல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் உலகம் விழித்தது. அப்புறம் வந்தது 'மோல்'. டஜன் என்றால் 12 மாதிரி, மோல் என்றால் 602-க்குப் பின்னால் 21 சைபர்!

சமையல் உப்பு ஒரு மோல் 58.5 கிராம், உலர்ந்த சல்பேட் 142. ஆயிரம் கிராமை வகுத்துப் பாருங்கள். முதலாவதில் 17 மோல் சோடியம். சல்பேட்டில் 7, இரட்டித்தாலும் 14தான்.

இது வெறும் பரீட்சைக் கணக்கில்லை. சாயம் பெரும்பாலும் துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது. போட்ட சோடியம் கழிவுநீரோடு வெளியே வரும். பல வருஷம் அது நொய்யலில் கலந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகுதான் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புநீரை மீட்டு, மறுபடி சாயம் போடவே கொடுத்தார்கள். அதே சோடியம், அடுத்த பனியனுக்கு!