கழற்றிக் கொடுத்த சங்கிலி

பத்திரிகைக் காரியாலயத்தில் ஜூலை மாதம் என்றால் எங்களுக்கு ஒரு தனித் தொல்லை இருந்தது. நாட்டின் நாலா பக்கங்களிலுமிருந்து சேவைக் கழகங்களின் பதவியேற்பு வைபவப் படங்கள் வந்து குவியும். குத்துவிளக்கு, நிறைகுடம், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த கனவான்கள்; நடுவில் ஒருவர் தம் கழுத்திலிருந்த பதவிச் சங்கிலியைக் கழற்றி அடுத்தவருக்கு அணிவிக்கும் காட்சி. ஊர் வேறு, முகங்கள் வேறு, படம் மட்டும் ஒன்றே. “இடமிருந்து வலமாக” என்று பெயர்களை எழுதி எழுதி அலுத்த நான், இதிலென்ன செய்தி இருக்கிறது என்று சலித்துக்கொண்டதுண்டு. அந்தச் சலிப்பு தவறென்று உணரப் பல வருடங்கள் சென்றன.

நமது சமூகத்தில் தலைமைப் பதவிக்கு ஏறும் படிகள் உண்டு. இறங்கும் படிகளைக் காண்பது அரிது. கோயில் பரிபாலன சபை, சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம் என்று எங்கெங்கோ நடந்த தலைமைச் சண்டைகள் நீதிமன்றம் வரை சென்றதை நானே செய்தியாக எழுதியிருக்கிறேன். கடல் கடந்த நம்மவர்கள் இந்தக் கலையையும் மறவாமல் கூடவே எடுத்துச் சென்றார்கள் என்பதை, வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அப்படியான ஒரு சூழலில், பன்னிரண்டு மாதம் முடிந்ததும் ஒருவர் சிரித்த முகத்துடன் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பது சிறிய காரியமா?

இந்த வழக்கத்தின் வேரைத் தேடினால் அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குப் போகவேண்டும். 1905 பெப்ரவரி 23ஆம் திகதி, சுரங்கப் பொறியியலாளர் குஸ்தாவஸ் லோரின் அலுவலக அறையில் நால்வர் கூடினர். கூட்டியவர் போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர். மற்ற இருவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலி, மற்றவர் தையல் தொழில் நடத்திய ஹைரம் ஷோரி. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் றோட்டறி என்ற பெயர் வந்தது. பெயரிலேயே சுழற்சி இருக்கிறது.

எண்ணம் ஹரிஸுடையது. ஆனால் முதல் தலைவர் அவரல்லர்; ஷீலி. அடுத்தவர் அல்பேர்ட் வைட். ஸ்தாபகர் மூன்றாவதாகத்தான், 1907இல், தலைவரானார். நம்மூரில் இப்படி நடந்திருந்தால் ஸ்தாபகர் அடுத்த வாரமே வேறொரு சங்கம் தொடங்கியிருப்பார்.

தலைவரான ஹரிஸ், அங்கத்தவர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் தேடிக் கொடுப்பதோடு நின்றால் போதாது, ஊருக்கும் ஏதாவது செய்யவேண்டும், மற்ற நகரங்களிலும் கழகங்கள் தோன்றவேண்டும் என்று வற்புறுத்தினார். சிக்காகோவில் பொதுக் கழிப்பறை அமைக்கும் முயற்சி அப்போது எழுந்ததுதான். மதுச்சாலைக்காரரும் பெருங்கடைக்காரரும் அதை எதிர்த்தனர். கழிப்பறைக்கென்று வருபவர்கள் அவர்களுக்கு வாடிக்கையாளர்கள் அல்லவா? கழகத்துக்குள்ளும் முணுமுணுப்பு இருந்தது. நண்பர்களாகக் கூடிச் சாப்பிட்டோம், பாடினோம், இந்த வேலை எதற்கு என்றனர் சிலர். இழுபறி முற்றிய நிலையில் 1908இல் ஹரிஸ் தலைமையிலிருந்து விலகினார். பொறுப்பை ஏற்றவர் ஹரி ரக்கிள்ஸ் என்ற அச்சகத்தார். அச்சு மையின் மணம் அறிந்தவன் என்ற வகையில் எனக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி. விலகிய ஹரிஸ் கழகத்தை உடைக்கவில்லை. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது கழகம் தோன்றியது. 1910இல் கழகங்கள் பலவும் சேர்ந்து தேசியச் சங்கம் அமைத்தபோது அதன் தலைவராக அவரையே தெரிந்தனர். 1912இல் அதையும் விட்டு இறங்கினார்.

இலங்கைக்கு இந்த இயக்கம் 1929இல் வந்தது. கனடாவின் கல்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு 1928இல் புறப்பட்டு, மத்திய கிழக்கிலும் ஆசியாவிலும் கழகங்களை நிறுவிக்கொண்டே வந்தார். கொழும்புக் கழகம் அந்தப் பயணத்தின் பலன். சென்னைக் கழகமும் அதே ஆண்டுதான்.

ஒரு வருட முறைக்குக் குறைபாடும் உண்டு. ஒவ்வொரு தலைவரும் தம் பெயர் பொறித்த கல் ஒன்றை நாட்ட விரும்புவார். முந்தியவர் கட்டிய பேருந்துத் தரிப்பிடம் கூரையின்றிக் கிடக்கும். இப்படிப் பல கற்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் 1985இல் றோட்டறி ஏற்றுக்கொண்ட போலியோ ஒழிப்புப் பணி எந்தத் தலைவருடைய வருடத்துக்குள்ளும் அடங்கவில்லை. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். போர் நடந்துகொண்டிருந்த வேளையிலும் சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓய வைத்த நாட்கள் இருந்தன. அந்தப் பணியில் முன்னின்ற கொழும்புக் கழகத்தவரான கே. ஆர். ரவீந்திரன், 2015 ஜூலையில் உலக றோட்டறியின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவர். அடுத்த ஆண்டு ஜூன் முடிவில் அவரும் இறங்கினார்.

இறங்க விரும்பியும் இறங்க முடியாத ஒருவரை நான் அறிவேன்.

வடக்கில் ஒரு சிறு பட்டினத்தின் சேவைக் கழகம் அது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது அவர் தலைவர். அங்கத்தவர்களில் பலர் வன்னிக்கும் கொழும்புக்கும் பின்னர் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்டனர். அவர் மட்டும் ஊர் திரும்பினார். கூட்டம் கூட ஆட்கள் போதவில்லை. கையளிக்க ஒருவரும் இல்லை. சங்கிலியையும் சிறுமணியையும் கூட்டக்குறிப்புப் புத்தகத்தையும் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 பாதை திறந்தபின் நான் அங்கு சென்றேன். ஜூலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பதவியேற்பு நடந்தது. இருபது பேர் வரை வந்திருந்தனர். முன்னைய தலைவர்களின் பெயர் பொறித்த சிறு தகடுகள் சங்கிலியில் வரிசையாக இருந்தன. அவருக்கும் ஒன்று இருந்தது. கழற்றும்போது கொளுக்கி இறுகிப்போயிருந்தது. புதிய தலைவரான இளம் ஆசிரியர் பின்னால் நின்று உதவ வேண்டியதாயிற்று.

படக்குறிப்புக்காக விபரம் கேட்டேன். “ஐயா, உங்கள் பதவிக்காலத்தை 95 முதல் 2002 வரை என்று போடட்டுமா?”

“வேண்டாம் தம்பி,” என்றார். “ஒரு வருடத்துக்குத்தான் என்னைத் தெரிந்தவை. அதை மட்டும் போடும்.”

அப்படியே எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் படம் வெளியாயிற்று. இடமிருந்து நான்காவதாக, கழுத்தில் ஒன்றுமில்லாமல் நிற்பவர் அவர்.